பாலத்தில் சொல்லாத வரி

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பால் காய்வதற்குள் காஸ் தீர்ந்துபோயிற்று. மாற்று சிலிண்டரைப் பூட்டக் குனிந்த என் வீட்டுக்காரர், நிமிராமலே சொன்னார்: "அச்சகத்தை அக்கரைக்கு மாத்தறாங்க."

கல்யாணமான நாளிலிருந்து இவர் ஓட்டும் இயந்திரம் ஆற்றைத் தாண்டப் போகிறது. புதுக் கட்டடமாம், பக்கத்திலேயே ஊழியர்களுக்கு வீடாம். வர விருப்பமா இல்லையா என்று ஏப்ரல் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வராதவர்களுக்கு வேலை இல்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

அவருக்கு யோசிக்க என்ன இருக்கிறது? அக்கரைக்கு அந்தப் பாலம் ஒன்றுதான் வழி. போன மழைக்காலத்தில் பஸ் அதன் நடுவில் சிக்கிக்கொண்டபோதுதான் எனக்கு முதல் தடவை வந்தது. நெஞ்சு தெறித்துவிடும்போல் அடித்தது, விரல்கள் மரத்தன, மூச்சு உள்ளே போக மறுத்தது. இதோ, இப்போதே போய்விடப் போகிறேன் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். நன்றாக இருக்கிற அந்த இதயம் அதற்குப் பிறகு கடை வரிசையில், குளிக்கும்போது, பிரார்த்தனைக் கூடத்தில்கூட அதே ஆட்டம் ஆடியது. பீதி நோய் என்று பெயர் சொன்னார்கள். பாலத்தின் பக்கமே நான் இப்போது போவதில்லை.

வராமல் போனால் இவருக்கு இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? இவர் அதைக் கேட்கவே இல்லை. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அம்மா சொல்லிக்கொடுத்த அந்த ஒற்றை வரிப் பிரார்த்தனையை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே வேலை செய்தேன். 

பிப்ரவரி 12, வியாழன்

தங்கையும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுக்கும் இதே நோய்தான். அவளுக்கு லிப்டில் வரும். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை, நாலாவது மாடி. தினமும் படியேறி, நோயாளிகளைவிட மோசமாக மூச்சு வாங்கிக்கொண்டு "உக்காருங்க" என்பாள். கல்யாணம் வேண்டாம் என்று எங்கள் மாடி அறையில் இருக்கிறாள்.

அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. பீதி நோய்க்கு இரண்டு விதப் பேச்சு வைத்தியங்களை ஒப்பிடுகிறார்கள். ஒன்றில், நடந்துபோனதைப் பேசிப் பேசி, பயம் எங்கிருந்து வந்தது என்று தேடுவார்களாம். இன்னொன்றில், பயத்தை வேண்டுமென்றே வரவழைத்து, அதற்குள் நிற்கப் பழக்குவார்களாம். எது யாருக்கு என்பதைக் குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். நாம் கேட்க முடியாது.

நான் மனத்துக்குள் முதலாவதைக் கேட்டேன். தங்கை வாய்விட்டே இரண்டாவதைக் கேட்டாள். "எனக்குப் பழங்கதை பேச நேரமில்ல சார்."

அவளுக்குப் பழங்கதை விழுந்தது. எனக்குப் பயம்.

வைத்தியம் முடியும்வரை அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஒரே கூரைக்குக் கீழே!

பிப்ரவரி 13, வெள்ளி

இருவரும் பேசவில்லை. வீடு பரீட்சை நடக்கிற கூடம் மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

எனக்கு வாய்த்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். அறையில் ஒரு சுழல் நாற்காலி. எதற்கு என்று அடுத்த வாரம் தெரியுமாம்.

அவள் சொன்னது மனத்தில் ஒட்டிக்கொண்டது. "பயம் தானா ஏறும்மா, தானா இறங்கும். இறங்கறதுக்கு முன்னாடியே நீங்க எதையாவது பிடிச்சுக்கறீங்க. அப்புறம், அதைப் பிடிச்சதாலதான் பொழைச்சேன்னு மனசு கணக்கு எழுதிடுது."

வீட்டு வரவு செலவுக் கணக்கு எழுதுகிற எனக்கு இது புரியாதா? வரவைத் தப்பான தலைப்பில் எழுதிவிட்டால் வருஷம் முழுக்க எல்லாம் தப்பாகத்தான் வரும்.

நான் பிடித்துக்கொள்கிறவற்றை எழுதச் சொன்னாள். தண்ணீர் பாட்டில். மாத்திரை அட்டை. வாசலை ஒட்டிய இருக்கை. கைபேசியில் இவருடைய எண்ணைத் தயாராக எடுத்து வைத்துக்கொள்வது. ஒவ்வொன்றாக விட வேண்டுமாம்.

"இன்னும் ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல டாக்டர்."

அந்த வரியை நான் எழுதவில்லை. பாட்டிலுக்குக் கீழே எழுதுகிற சமாசாரமா அது?

பிப்ரவரி 26, வியாழன்

நாற்காலி எதற்கென்று தெரிந்துவிட்டது. உட்காரவைத்துச் சுற்றினாள். தலை கிறுகிறுத்து, நெஞ்சு படபடத்து, அந்த எழவு அப்படியே வந்து நின்றது. "பயம் பத்துக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டாள். நாலு என்றேன். அவளுக்கு ஆச்சரியம். நன்றாகச் செய்கிறேனாம்.

உள்ளே அந்த வரி ஓடிக்கொண்டேயிருந்தது. 

மார்ச் 3, செவ்வாய்

துணி மடித்துக்கொண்டிருந்தபோது தங்கை ஆரம்பித்தாள்.

"அக்கா, உன்னை நாற்காலில வெச்சு சுத்தறாங்களா?"

"யாருடி சொன்னா?"

"வெளியில பெஞ்சுல உக்காந்தா சக்கரம் கத்தறது கேக்குது. எண்ணெய் போடச் சொல்லு. பயத்தை விட அந்தச் சத்தத்துக்கே எவளாவது போய்ச் சேந்துடுவா."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் கையெழுத்து ஞாபகம் வந்தது.

"பேசக் கூடாதுடி."

"உன்னைப் பத்தித்தானே பேசக் கூடாது? என்னைப் பத்திச் சொல்றேன், கேளு. எங்க டாக்டர் என்னை சோபாவுல சாய வெச்சுட்டு வாயைத் திறக்கறதே இல்ல. நான் பேசறேன், அவர் தலையை ஆட்டறார். வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கான்னு மட்டும் கேட்டார். எங்கப்பாவுக்குன்னு சொன்னேன்."

"அப்பாவுக்கா? அப்பாவுக்கு என்ன?"

மடித்த துணியைக் கையில் வைத்தபடியே என்னை உற்றுப் பார்த்தாள். "உனக்கு நெஜமாவே ஞாபகமில்லையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்ச் சேர்ந்த மனுஷனை முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் இழுத்துவந்து உட்கார வைத்திருக்கிறாள். இதற்குப் பேர் வைத்தியமா? நான் அறையை விட்டு வந்துவிட்டேன். அவளுடைய துணிகளையும் மடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 12, வியாழன்

இன்றைக்கு ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொன்னாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு. மூன்று என்றேன். பாட்டில் இல்லை, மாத்திரை இல்லை, கைபேசி வெளியே. டாக்டருக்குச் சந்தோஷம்.

திரும்பி வரும் வழியில் கடை வரிசையில் நின்றேன். முன்னால் ஒருத்தி சில்லறைக்குப் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். திடீரென்று வந்துவிட்டது. அந்த வரியை ஆரம்பித்தால் பாதியில் அறுந்தது. மறுபடி ஆரம்பித்தால் மறுபடியும் அறுந்தது. வார்த்தையே வரவில்லை — கடவுளே, வார்த்தையே வரலயே — எடுத்த சாமானை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

தங்கை சாயங்காலம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். லிப்டில் ஏறினாளாம். நாலு மாடியும்.

நல்ல செய்திதான். எனக்குத்தான் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். அவள் சோபாவில் சாய்ந்து அழுதுவிட்டு வருகிறாள், லிப்டில் ஏறுகிறாள். நான் பம்பரம் மாதிரி சுற்றிவிட்டு வருகிறேன், கடையை விட்டு ஓடுகிறேன். எந்த வைத்தியம் உசத்தி என்று பார்க்க ஆராய்ச்சி வேறு வேண்டுமா?

மார்ச் 19, வியாழன்

போனதும் கேட்டுவிட்டேன். "என்னை அந்த வைத்தியத்துக்கு மாத்திடுங்க டாக்டர். என் தங்கச்சிக்கு நல்லாயிடுச்சு."

"பேசிக்கிட்டீங்களா?"

தலை குனிந்தேன். அவள் திட்டவில்லை, எழுதிக்கொண்டாள். "ரெண்டு பேரை வெச்சு எது நல்லதுன்னு சொல்ல முடியாதும்மா. அதுக்குத்தான் இத்தனை பேரைச் சேக்கறோம். ரெண்டுமே பலபேருக்கு உதவுது. எனக்கு இப்ப வேற ஒரு சந்தேகம். இங்க மூணு, நாலுன்னு சொல்றீங்க. வெளியில ஏன் ஓடறீங்க?"

மறுபடி சுற்றச் சொன்னாள். இந்தத் தடவை நாற்காலியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உதடு அசையுதேம்மா. என்ன சொல்றீங்க?"

பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினாள். அப்புறம், "ஒரே ஒரு தடவை அதையும் விட்டுப் பாருங்களேன்" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

தண்ணி பாட்டிலை விடச் சொன்னா, விட்டேன். மாத்திரையை விட்டேன். அவர் நம்பரைக்கூட விட்டேன். இப்ப சாமியை விடணுமாம்! நாளைக்கு மூச்சையும் விடச் சொல்லுவா. இனி அந்த வாசப்படி மிதிச்சா பாரு.

மார்ச் 26, வியாழன்

போகவில்லை. அங்கிருந்து போன் வந்தது, நான் எடுக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் இவர் தட்டை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார். "பழைய கடைத்தெருவுல ஒரு சின்ன பைண்டிங் கடை இருக்கு. ஆள் வேணும்னாங்க. நாளைக்குப் போய்ப் பாக்கறேன்."

"நீங்களா? மெஷின் ஓட்டற கையா, பசை தடவப் போகுது?"

"கை எதுன்னாலும் கைதான். நீ மனசைப் போட்டு அலட்டிக்காத."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன். இவர் இப்படித்தான் என்னை நகர முடியாமல் கட்டிப்போடுகிறார்.

மார்ச் 29, ஞாயிறு

பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய் வந்தேன். வழக்கம்போல வாசலை ஒட்டிய இடம்தான். ஆரம்பத்திலிருந்து முடியும்வரை அந்த வரியையே சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது பக்கத்தில் இருந்த அம்மாள், "எங்க வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு வேண்டிக்கச் சொன்னேனே, வேண்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் சொன்னதே எனக்கு நினைவில்லை. நான் யாருக்காகவும் வேண்டிக்கொள்ளவில்லை. எத்தனை மாதமாக இப்படி?

வீட்டில் உட்கார்ந்து மறுபடி அந்த வரியைத் தொடங்கினேன். தங்கை மாடியிலிருந்து இறங்கி வந்து கதவோரம் நின்றாள். இந்த வரி அவளுக்குப் பிடிக்காது. அவள் தெய்வ நம்பிக்கை இல்லாதவள், அதனால்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அக்கா, இதை அம்மா நமக்கு எப்ப சொல்லிக்கொடுத்தா?"

"சின்ன வயசுல."

"சின்ன வயசுல எப்ப?"

விரலை மடக்கி வயதைக் கணக்குப் பார்த்தேன்.

"அப்பாவுக்கு வரும்போது. அவர் அந்த ரூம்ல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மூச்சுக்குத் தவிப்பார். அம்மா நம்ம ரெண்டு பேரையும் சமையல் ரூம்ல உக்கார வெச்சு கதவைச் சாத்துவா. சத்தம் நிக்கற வரைக்கும் இதைச் சொல்லிட்டே இருங்கம்பா. நீ கண்ணை இறுக்க மூடிக்கிட்டுச் சொல்லுவ. நான் மூட மாட்டேன்."

"நீயா ஏதாவது..."

"அப்பா அக்கரை வேலையை ஏன்கா விட்டார்?"

"கால் வலி."

"கால் வலிக்கிறவர் தினம் சந்தைக்கு நடந்தே போனாரே. அம்மா பொறந்த வீடு அக்கரையிலதான. அவ அண்ணன் கல்யாணத்துக்குக்கூட நாம ஏன் போகல?"

சமையலறைக் கதவின் உள்பக்கம் பச்சை வர்ணம் பூசியிருந்தது. தாழ்ப்பாள் பக்கத்தில் பெயர்ந்திருக்கும். கண்ணை மூடுவதற்கு முன்னால் நான் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். இது இத்தனை வருஷம் எங்கே இருந்தது?

தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோபா டாக்டர் வாயைத் திறக்காமலே இதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டாரே என்று மட்டும் நினைத்தேன்.

மார்ச் 30, திங்கள்

அப்படியானால் அந்த வரி பொய்யா? இல்லை. அம்மா பயத்தில் கற்றுக்கொடுத்திருந்தாலும் அது கடவுளைக் கூப்பிடும் வரிதான். ஆனால் நான் கூப்பிட்டேனா? அவர் வந்தால் உட்காரச் சொல்லக்கூட எனக்கு நேரமில்லை. கதவைச் சாத்து, சத்தத்தை நிறுத்து. அவ்வளவுதான் நான் இதுவரை கேட்டது.

அம்மா அக்கரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இவரும் பைண்டிங் கடைக்குப் போய்வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

போனேன். என்னைப் பார்த்ததும் டாக்டர் எழுந்து நின்றாள்.

உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "பிரார்த்தனையை நான் விட மாட்டேன் டாக்டர். வீட்டுல காலையில பண்ணுவேன், பயம் இறங்கி முடிஞ்சதும் பண்ணுவேன். ஆனா நடுவுல அதைக் காவலுக்குக் கூட்டிட்டு வர மாட்டேன்."

"அதைத்தாம்மா அன்னிக்கு எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல. மன்னிச்சுக்குங்க."

நாற்காலியில் உட்கார்ந்தேன். சக்கரத்துக்கு யாரோ எண்ணெய் போட்டிருந்தார்கள்.

சுற்றி நின்றதும் நாக்கு தானாக அந்த வரிக்குப் போயிற்று. பல்லைக் கடித்தேன். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வாரமாக நான் பார்த்தது அதன் நிழலைத்தான். பத்து. பத்துக்கு மேலே. செத்துடுவேன், இங்கேயே செத்துடுவேன் என்று கத்திவிட்டேன். "இருங்க, கூடவே இருங்க" என்றாள் அவள். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. உடம்பெல்லாம் வேர்வை. அப்புறம் — நான் எதுவும் செய்யவில்லை, சத்தியமாக எதுவும் செய்யவில்லை — அது இறங்கியது. கொதி அடங்குகிற மாதிரி, தானாக.

"மறுபடி?" என்றாள்.

பாவி. ஆனாலும் தலையாட்டினேன்.

ஏப்ரல் 11, சனி

கடை வரிசை. வந்தது. நின்றேன். போயிற்று. சில்லறையைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 16, வியாழன்

உள்ளூர் பஸ்ஸில் நடு இருக்கை. கால் உதறிக்கொண்டே இருந்தது. இறங்கவில்லை.

அடுத்த வாரம் பாலம். இவர் கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பைண்டிங் கடைக்காரன் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறானாம். "இன்னும் கொஞ்சம் நாள் கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். கேட்கிறேன் என்றார்.

ஏப்ரல் 23, வியாழன்

காலையில் பிரார்த்தனை செய்தேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் அந்த மனுஷருக்காக வேண்டிக்கொண்டேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கையில் பிடித்துக்கொண்டு போய்விடுவேன் என்று பயம்.

பஸ் பாலத்தில் ஏறியதும் தொடங்கிவிட்டது. வெங்காயச் சாக்கைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றது. அதே பாலம், அதே நடு. எனக்காகவே ஏற்பாடு செய்ததுபோல. டிரைவர் என்ஜினை அணைத்தார். கீழே தண்ணீர் சத்தம் கேட்டது.

"என்ன இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஜன்னலைத் திறக்கவா?"

"வேணாம், இருக்கட்டும்."

"இறங்கி நிக்கறீங்களா? வழி விடறேன்."

"வேணாம்மா. இது வந்துட்டுப் போயிடும்."

"எது?"

கைகள் மரத்தன. பார்வை குறுகிக்கொண்டே போய், ஓர் ஓட்டை வழியாகப் பார்க்கிற மாதிரி ஆனது. அந்த வரி வாய் வரை வந்து நின்றது. சொல்லவில்லை. பச்சைக் கதவு தெரிந்தது. கண்ணை மூடவில்லை. அந்தப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷர் தனியாக நின்றுகொண்டிருந்தார். அப்பா, உங்களுக்கு இது தானா இறங்கும்னு யாருமே சொல்லலையே. ஒருத்தர்கூடச் சொல்லலையே.

அழுகை வந்தது. பயம் எப்போது இறங்கியது என்று கவனிக்கவில்லை.

அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் இரண்டு வெங்காயத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். "அழறதுக்கு ஒரு காரணம் இருக்கட்டும்" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

அக்கரையில் இறங்கி, சுவரோரம் நின்று, அந்த வரியைச் சொன்னேன். அப்பாவுக்காக.

ஏப்ரல் 24, வெள்ளி

அக்கரைக்கு வருவதாக இவர் எழுதிக் கொடுத்துவிட்டார். பேனாவைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாக்கி, கடைசியில் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

மே 14, வியாழன்

இருவருக்கும் வைத்தியம் முடிந்தது. முடிவு தெரிய வருஷக்கணக்காகுமாம். எங்கள் பேச்சை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டோம், அதையும் எழுதிக்கொண்டார்கள். "எங்களால உங்க ஆராய்ச்சி கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். "ஒரே வீட்டுல ரெண்டு பேரைச் சேத்தது எங்க தப்பும்மா" என்றாள் டாக்டர்.

ஜூன் 14, ஞாயிறு

புது வீட்டில் அலமாரி உயரம். முக்காலி இல்லாமல் எதையும் எடுக்க முடியவில்லை. பழைய வீட்டு மாடி அறையைத் தங்கை வாடகைக்குத் தனியாக எடுத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறாள்.

இன்றைக்கு முதல் தடவையாக வந்தாள். லிப்டு அவளுக்கு இப்போது விளையாட்டு, ஆனால் இந்தப் பாலத்தை அவள் இன்னும் கடந்ததில்லை. பத்து மணிவாக்கில் போன் வந்தது. குரலே வேறாக இருந்தது.

"அக்கா, நடுவுல நிக்குது. எனக்கு என்னமோ பண்ணுது. நீ வந்து கூட்டிட்டுப் போ."

செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டேன். வாசல்வரை போய்விட்டேன்.

"பஸ்ஸுலயே இருடி. இறங்காத. நான் ஸ்டாப்புல நிக்கறேன்."

"முடியலக்கா. ஏதாவது சொல்லு. அந்த வரியையாவது சொல்லேன்!"

அவள்! கண்ணை மூட மாட்டேன் என்றவள்! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் வாழ்நாளில் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் வாயை மூடியதில்லை.

"அது தானா இறங்கும். போனை வெச்சுடு, கண்ணு."

"பாவி!" என்றாள். வைத்துவிட்டாள்.

ஸ்டாப்பில் நின்றேன். பாலத்தின் பக்கம் பார்க்காமல் இருக்க எதிர்க்கடைப் பலகையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பஸ் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாக அவள் இறங்கினாள், முகம் கழுவினதுபோல வேர்த்து, கொண்டை அவிழ்ந்து.

"கல்நெஞ்சுக்காரி. உனக்கு ஒரு தங்கச்சி இருந்தா என்ன, போனா என்ன!"

"இறங்கிடுச்சா?"

"...இறங்கிடுச்சு."

வீட்டுக்கு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள். இவர் கதவைத் திறந்து, "என்ன, தெருமுனையிலேயே கச்சேரி ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார். இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். என் அலமாரியைப் பார்த்து, "உன்னை அங்க சுத்தவிட்டது பத்தலன்னு இப்ப முக்காலி வேறயா?" என்றாள்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். வாசல் பக்க இருக்கை காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய் நடுவில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டினாள்.

பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வரியைச் சொன்னேன், ஒரே ஒரு தடவை. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன்.